தமிழ்க் கண் படாத கடல்

எடியே டெய்சி, என் வாயாடியே, என்னைத் தனியே விட்டுவிட்டு ஓடிப்போன கள்ளியே,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டு நினைவுக்கு ஒரு மலர்ப் புத்தகம் போடுகிறார்களாம். உன் மனுசனின் தமையன் செல்வம் அண்ணை இருக்கிறாரே, மைக்கைக் கண்டால் விடாதவர், அவர்தான் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நீங்கள்தானே அவவின்ர நெருங்கின சிநேகிதி. அரைப் பக்கம் எழுதித் தாங்கோ. அவவின்ர பொறுமை, அடக்கம், அதிர்ந்து கதைக்காத குணம் எல்லாம் வரவேணும்" என்றார். வேறு யாருக்கோ எடுக்கவேண்டிய போனை எனக்கு எடுத்துவிட்டாரோ என்று யோசித்தேன்.

பொறுமையாம், அடக்கமாம். உன் செத்த வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். உன் வாய்க்குப் பயந்து கல்யாண மண்டபங்களில் மேசை மாறி இருந்த சனம், நீ பெட்டிக்குள் இருந்து பதில் சொல்லமாட்டாய் என்ற துணிவில் ஒவ்வொருவராக எழும்பி வந்து பேசியது. "ஒரு சொல் அதிர்ந்து கதைச்சு அறியாதவ" என்று, ஒரு கல்யாணமும் தவறவிடாத எங்கள் சறோ அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைலேஞ்சியை வாயில் வைத்து அமத்தினேன். பக்கத்தில் இருந்தவ நான் விம்முகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினா. இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு உண்மையாகவே அழுதேன்.

ஆகவே மலருக்கு நான் எழுதுவது இதுதான். செல்வம் அண்ணை போடமாட்டார். அவர் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். உன்னை அரைப் பக்கத்துக்குள் அடக்க என்னால் ஏலாது.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். நான் இத்தாலிக்குப் போய் வந்துவிட்டேன். ஓமடி, நீ இல்லாமல்தான். கடலிலும் இறங்கினேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குப் போய்ச் சொல்வது?

இதை ஒட்டுக் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நானும் நீயும் கனடாவில், ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்தவர்கள். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடுக்குகிற வேலை. தலையில் வலைத் தொப்பி, கையில் உறை, பல் கிட்டுகிற குளிர் அறை. ரோமுக்குப் போகிற தட்டுகள் எங்கள் வரிசையில்தான் வரும். ஒரு பாண், ஒரு வெண்ணெய், ஒரு சலாட். "எங்கட கை பட்ட வெண்ணெய் எத்தினை தரம் இத்தாலிக்குப் போட்டுது, நாங்கள் ஒருக்காலும் போகேல்லையடி" என்று நீ ஒருநாள் சொன்னாய். எங்கள் இத்தாலி அன்றைக்குத்தான் தொடங்கியது.

எங்களுக்கு வேண்டியிருந்தது சறோ அக்கா போன இத்தாலி இல்லை. சறோ அக்கா "நாங்கள் இத்தாலி முடிச்சிட்டம்" என்று சொல்லுவா, சட்டி பானை கழுவி முடித்ததுபோல. பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற படம் அவவிடம் இருக்கிறது. அவவின் மனுசனுக்கும் அதே படம், மருமகனுக்கும் அதே படம். வெனிஸ் எப்படி என்று நீ கேட்டாய். "தண்ணி மணக்குது, ஒரு இடத்திலயும் சோறு இல்லை" என்றா. அத்தனை நூற்றாண்டு தண்ணீரில் நிற்கிற நகரத்தைப் பற்றி அவ கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

எங்கள் ஆசை வேறு. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீச்சலுடை போட்டுக்கொண்டு கடலில் இறங்கிக் குளிக்கவேண்டும். நீ பேசாலையில் அலைச்சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்தவள். உன் தம்பிமார் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க, பெரியபிள்ளை ஆன பிறகு நீ கரையில் நின்று அவர்களின் உடுப்புக்குக் காவல் இருந்தாய். நான் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் காணாத கோப்பாய்க்காரி. அறுபதை நெருங்குகிற வயதில், பக்கத்து ஊரான அஜக்ஸில் யன்னல் திரைகளை இழுத்துவிட்டுப் பெண்களுக்கு மட்டும் நடத்துகிற வகுப்பில் சேர்ந்து நீந்தப் பழகினோம். முழுக் காற்சட்டை, முழங்கால் வரை சட்டை. ஈரத்துணி எங்களைக் கீழே இழுத்தது. "உந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆரடி நீந்துறது?" என்று நீ பழக்குகிற பிள்ளைக்கு முன்னாலேயே கத்தினாய்.

அதற்கு ஏன் இத்தாலி, இங்கேயே ஏரிக்கரையில் வசாகா பீச் இருக்கிறதே என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கோடையில் அங்கே போய்ப் பார்க்கட்டும். எங்கள் ஆண்கள் தொந்தியைக் கரை முழுக்க வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடப்பார்கள். பெண்கள் சல்வாரோடு முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள், பஸ்ஸுக்கு நிற்பதுபோல. அப்படி நின்றுகொண்டிருந்த ஒருத்தி, தூரத்தில் நீச்சலுடையோடு நடந்த ஒரு தமிழ்ப் பிள்ளையைக் காட்டி, "உவள் ஆற்ற மேள்?" என்று அவள் யார் பெற்ற மகள் என விசாரித்ததை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். பின்னேரத்துக்குள் அந்தக் கதை எங்கள் சனம் நிறைந்த மார்க்கம் நகரம் வரை போய்விட்டது. தமிழ்க் கண் ஒன்றும் படாத கடல்தான் எங்களுக்குச் சரி என்று அன்று நீ தீர்ப்புச் சொன்னாய்.

நீச்சலுடை வாங்கவும் தமிழ்க் கடைகள் நிறைந்த ஸ்காபுறோவில் துணிவு வரவில்லை. ஒஷாவா வரை கார் ஓடினோம். உனக்குச் சிவப்பு, எனக்குக் கடும் நீலம். காசு கட்டுகிற இடத்தில் நின்ற பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "அன்ரி, உங்கட மகளுக்கோ?" என்று தமிழில் கேட்டது. நீ முகம் மாறாமல் "ஓம் பிள்ளை, ரெண்டு பேருக்கும் ரெண்டு மேள்" என்றாய். உனக்கு இருப்பது இரண்டும் பொடியன்கள். காருக்குள் வந்து சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்தது ஊர். என் மகள் அபி இன்ரநெற்றில் தேடித் தந்தாள். "ஒருவரும் அறியாத இத்தாலியக் கடற்கரைகள்" என்று ஒரு பொடியன் சொல்லுகிற வீடியோ. அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கீழே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சின்ன நாட்டின் சனத்தொகை. எல்லாக் கடற்கரையிலும் அவனே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடலைப் பார்க்க அவனுடைய தொப்பிதான் விடவில்லை.

நீ அந்த வீடியோக்களை நம்பவில்லை. உன் சோதனை வேறு. கல்யாண மண்டபத்தில், பேபி கோன் வந்து, இறால் வந்து, சனம் வாய் நிறைய வைத்திருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு ஊரின் பெயரைச் சும்மா மேசையில் போடுவாய். "அமால்ஃபி எண்டு ஒரு இடமாம்" என்றாய். மூன்று பக்கத்திலிருந்தும் "நாங்கள் போனனாங்கள்!" என்று வந்தது. அமால்ஃபி போயிற்று. சிங்குவே தேறே என்றாய். சறோ அக்காவின் மகன் அங்கேதான் மோதிரம் கொடுத்தானாம், ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார்களாம். அதுவும் போயிற்று. கப்ரி, கோமோ ஏரி எல்லாம் ஒவ்வொரு கல்யாணத்தில் ஒவ்வொன்றாய் விழுந்தன. கடைசியில் சிசிலியின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரின் பெயரைச் சொன்னாய். மேசை பேசாமல் இருந்தது. "உது எங்க கிடக்கு?" என்று சறோ அக்கா கேட்டா. நீ மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நசித்தாய்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த கோடையில் இதை வாசிக்கிற முழுப்பேரும் அங்கே போய் நிற்பார்கள்.

பிறகு உனக்கு மார்பில் வருத்தம் வந்தது. ஒப்பரேசன் முடிந்து நீ வீட்டுக்கு வந்த கிழமை, அலுமாரியைத் திறக்கச் சொல்லிச் சிவப்பை எடுத்து என் மடியில் வைத்தாய். "உது இனி எனக்கு நிக்காதடி. ஒரு பக்கம் காத்தாடும்" என்றாய். அதையும் பகிடியாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. "நீ போ தவம். போய் இறங்கு. கழுத்து மட்டும் இறங்கிப்போட்டு வந்து எனக்குக் கதை அளக்கிறேல்ல. தலை நனையவேணும்" என்றாய். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? தலை நனைக்க இரண்டு பேர் போவதாகத்தானே பேச்சு?

தனியே போகத் துணிவில்லாமல் ஒரு தமிழ்ச் சுற்றுலாவோடு ஒட்டிக்கொண்டேன். தூ என்று துப்பாதே, கேள். "அறியப்படாத இத்தாலி" என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு அண்ணைதான் நடத்தினார். கையில் மடக்குக் குடை, அதன் நுனியில் ஒரு மஞ்சள் லேஞ்சி, பின்னால் நாங்கள். புளோரன்ஸில் தேவாலயத்தின் கதவைப் பார்க்க விட்ட நேரத்தைவிட, பஸ்ஸில் ஏற்றி எண்ணின நேரம் அதிகம். ஹோட்டலில் ஒரு குடும்பம் றைஸ் குக்கரைச் செருகி, மாடி முழுவதும் கரண்ட் போனது. அந்த இருட்டிலும் "சோறு அவிஞ்சிட்டுதோ?" என்றுதான் ஒரு குரல் கேட்டது. அறியப்படாத இத்தாலி கடைசியில் என்ன தெரியுமா? ரோமுக்கு வெளியே மலிவு விலையில் கைப்பை விற்கிற ஒரு கடைத் தொகுதி. அதை எங்கள் சனம் நன்றாகவே அறிந்திருந்தது.

பாதுவாவில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் அந்தோனியாரின் கல்லறையில் கையை வைத்து நின்றேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று நீ சொல்லுவாய். நான் கேட்டது அவரால் தர ஏலாதது என்று தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

நேப்பிள்ஸில் சுற்றுலா முடிந்தது. நான் தனியே தெற்கே போகிறேன் என்றதும் பஸ் முழுக்க ஒரே கூச்சல். "தனியவோ? விசரோ உங்களுக்கு?" "அங்க என்ன கிடக்கு பாக்க?" அபி போனில், "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றாள். அதற்குத்தானடி போகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? என் மனுசன் ஒன்றும் கேட்கவில்லை. ரீவியில் கிரிக்கெற் போய்க்கொண்டிருந்தது. நீச்சலுடைக் கதை அவர் இதை வாசித்துத்தான் அறியவேண்டும். வாசிக்கமாட்டார்.

டெய்சி, சிசிலிக்குப் போகிற ரயிலைக் கப்பலில் ஏற்றுகிறார்கள்! பெட்டி பெட்டியாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தில் தள்ளிக் கடலைக் கடக்கிறார்கள். நான் மேல்தட்டில் நின்று பார்த்தேன். சிரகூசாவில் இறங்கி அங்கே பெரிய கோயிலுக்குப் போனேன். கிரேக்கர் கட்டின கோயிலின் தூண்கள் அப்படியே சுவருக்குள் நிற்கின்றன. இடிக்காமல், தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவரை எழுப்பி மாதாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வேதக்கார நீயும் சைவக்கார நானும் அங்கே கோயில் யாருடையது என்று சண்டை பிடித்திருப்போம். தனியே நின்றதால் அந்தச் சண்டையும் இல்லை.

பிறகு பஸ். பிறகு எங்கள் ஊர். ஒரு சின்னச் சதுக்கம், வெயிலில் மஞ்சளாய்ப் போன கல் வீடுகள், நாலு வள்ளம், வலை காயப்போட்ட ஒரு மதில். காலையில் வாதுமை போட்ட ஐஸை உருண்டை ரொட்டி மாதிரி ஒரு பணிஸோடு தருகிறார்கள், அதுதான் அவர்களின் காலைச் சாப்பாடு. கடல் அடி தெரிகிற பச்சை. முதல் நாள் முழுக்கச் சல்வாரோடு கரையில் இருந்து வேவு பார்த்தேன். எங்களைவிட மூத்த இத்தாலியக் கிழவிகள், நாலு விரல் துணியில், வயிறும் சுருக்கமும் தொங்கத் தொங்கத் தண்ணீரில் நின்று ஊர்வம்பு பேசினார்கள். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது வருடம் நாங்கள் எதைப் பொத்திப் பொத்தி வைத்தோம் என்று எனக்கு எங்கள்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் ஞாயிறு. நீலத்தைப் போட்டேன். மேலே ஒரு பெரிய துவாய். தண்ணீர் விளிம்பு வரை துவாயோடு போய், அதை எறிந்துவிட்டு ஓடினேன். நடந்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். வயிற்றில் குளிர்ந்தது, முதுகில் குளிர்ந்தது. வெறும் தோலில் கடல் படுவது எப்படி என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கழுத்து வரை போய் நின்றேன். பிறகு உன் கட்டளைப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை முக்கினேன். எழும்பினபோது நான் கத்தினது எனக்கே கேட்டது.

"எடி டெய்சி, முக்கிட்டன்டி!"

பின்னால் ஒரு குரல் கேட்டது. "அக்கா, நீங்கள் தமிழோ?"

நான் திரும்பினேன். கரையில் குடை நட்டு, பாய் விரித்து, சோற்றுப் பானை இறக்கி, ஒரு பட்டாளம் நிற்கிறது. கோழிக்கறி வாசம் தண்ணீர் வரை வந்தது. முழங்கால் தண்ணீரில் சல்வாரோடு ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், வாய் முழுக்கச் சிரிப்பு. பெயர் சுகந்தி. சிசிலியிலேயே கத்தானியாவில் இருக்கிறாள், அங்கே வீடுகள் துப்புரவாக்குகிற வேலை. ஞாயிறுகளில் இனசனத்தோடு இந்தக் கரைக்கு வருவார்களாம். வருடக்கணக்காய் வருகிறார்களாம்.

சிரியடி, நன்றாகச் சிரி. கனடாவில் அத்தனை கல்யாண மேசையிலும் சோதித்தோமே, இத்தாலியிலேயே இருக்கிற தமிழரைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்தோமா? சிசிலி முழுக்க எங்கள் சனம் இருக்கிறது. எங்களுக்கு முன்னே ஊரைவிட்டு வந்து, வழியில் அங்கேயே நின்றுவிட்ட சனம். ரொறன்ரோவில் சறோ அக்காவுக்குத் தெரியாவிட்டால் தமிழருக்கே தெரியாது என்று நினைத்தோம். சறோ அக்காவைப் பழித்த எங்களுக்கு இது நன்றாக வேண்டும்.

நான் கழுத்து மட்டும் தண்ணீரில் நின்றேன். "வாங்கோ அக்கா, சாப்பிடுவம்" என்கிறாள் சுகந்தி. "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு வாறன்" என்கிறேன். அவர்கள் சாப்பிட்டார்கள். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது, பல் அடிக்கத் தொடங்கியது. துவாயோ கரையில், அவர்களின் பாய்க்குப் பக்கத்தில். நீ நின்றிருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். ராணி மாதிரி நடந்து போய், கோழிக்காலைக் கையில் எடுத்திருப்பாய். அதை நினைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஆண்கள் கறிச்சட்டியைப் பார்த்தார்கள். ஒரு கிழவி, "உந்த வயசிலயோ!" என்றது. "ஓமம்மா, உந்த வயசிலதான்" என்றேன். அது உன் குரல் மாதிரித்தான் வந்தது.

சுகந்தி துவாயை எடுத்து என் தோளில் போட்டாள். போடும்போது நீலத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, உது எங்க வாங்கினது?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒஷாவா என்றேன். அவள் கிழவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னட்டயும் ஒண்டு கிடக்கு. இஞ்ச போடேலாது அக்கா, மாமி ஆக்கள் எல்லாம் வருவினம். வாற கோடைக்குக் கனடாவுக்கு வாறம், தங்கச்சி வீட்டை. வசாகா எண்டு ஒரு பீச் இருக்காமே? அங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாதுதானே. அங்க போடுவம் எண்டு வைச்சிருக்கிறன்."

நான் அவளை உற்றுப் பார்த்தேன், டெய்சி. அவளின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். நாங்கள் ஒளிக்க ஓடி வந்த இடத்திலிருந்து அவள் எங்கள் இடத்துக்கு ஒளிக்க ஓடி வரப்போகிறாள். இந்தக் கூத்துக்காகவா நீ அத்தனை கல்யாண வீட்டில் ஊர்ப்பெயர் போட்டுப் போட்டுப் பார்த்தாய்? கண் படாத கடல் வரட்டும் வரட்டும் என்று பார்த்திருந்து, கடைசியில் உன் சிவப்பு மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடந்ததே. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. சறோ அக்காவை நினைத்து எரிகிறதைவிட எங்களை நினைத்துத்தான் எரிகிறது.

இதோ என் வாக்கு. சுகந்தியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. வருகிற கோடையில் நான்தான் அவளை வசாகாவுக்குக் கூட்டிப்போவேன். ஆள் இல்லாத நாள் பார்த்து இல்லை. நீண்ட வார இறுதியில், அத்தனை அடுப்பும் புகைகிற, அத்தனை சல்வாரும் முழங்கால் தண்ணீரில் நிற்கிற நாளில். அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், கண் இருக்கும், நிறைய இருக்கும் என்று. வருவதும் விடுவதும் அவள் விருப்பம். நான் இறங்குவேன். நீலத்தோடு இல்லை, உன் சிவப்போடு. இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டேன், இப்போது எனக்கு அளவு. அந்த வரிசைக்கு நடுவே நடந்து போய்த் தலையை முக்குவேன். எழும்பும்போது கரையில் எவளாவது "உவ ஆற்ற ஆள்?" என்று கேட்பாள். நான் "டெய்சியின்ர ஆள்" என்று கத்திச் சொல்லுவேன், மார்க்கம் வரைக்கும் போகட்டும்.

உன் கூடப்பிறவாத அக்கா,
வாய் இன்னும் அடங்காத
தவம்